ஒரே ஒரு ஜூன் மாதம் பின்தங்கிய குடும்பக் கணக்கு

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருவிலுள்ள ஒரு வீட்டில், பிள்ளைகள் எழுதி முடித்த நோட்டின் பின்பக்கங்களில் வரவுசெலவுக் கணக்கு எழுதப்பட்டு வருகிறது. எழுதுகிறவர் அந்த வீட்டு அம்மா. வேலூர்ப் பக்கத்துக்காரர், கார்மெண்ட்ஸ் ஆலையில் தைக்கிறார். கணவர் பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். வங்கிப் படிவங்களை நிரப்பித் தருவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம் என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணா, நோட்டுல பாத்தா மாசாமாசம் மிச்சம் வருது. கையில பாத்தா வட்டிதான் போய்க்கிட்டிருக்கு. எங்க தப்பா எழுதறேன்னு நீங்களே பாருங்க" என்றார்.

அவர் எதையும் தப்பாக எழுதவில்லை. இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது மாதம் 35,500 ரூபாய். வாடகை 9,000, மளிகையும் காய்கறியும் 9,500, பால் 1,800, சிலிண்டர் 850, வண்டிப் பெட்ரோலும் பயணமும் 2,500, இரண்டு கைப்பேசிக்கும் 700, டியூஷனுக்கும் பள்ளி வேனுக்கும் 2,000, மருந்து 1,000, ஊரில் இருக்கும் மாமியாருக்கு அனுப்புவது 2,000 என்று மொத்தம் 29,350 ரூபாய் செலவாகிறது. கிருக ஜோதி திட்டத்தால் மின்கட்டணம் இல்லை. மீதி 6,150 ரூபாய். மாதக் கணக்கு இவ்வளவுதான், கூட்டலும் சரியாகவே இருக்கிறது. இருந்தும் அந்தக் குடும்பத்தின் தலையில் 1,02,000 ரூபாய்க் கடன் இருந்தது, அதுவும் மூன்று வட்டிக்கு. இப்படிப்பட்ட நோட்டுகளை இந்த நகரத்தில் பல தமிழ்க் குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். கடனில் இருப்பவர்கள் ஊதாரிகள் என்று நினைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை எனக்குக் காட்டியவை அவைதான்.

அன்று நான் ஒரு காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு, மாதக் கணக்கில் இடம்பெறாத செலவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். ஜூன் தொடக்கத்தில் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 46,000, புத்தகமும் சீருடையும் 9,000. தீபாவளித் துணிமணிக்கு 12,000. பொங்கலுக்கு ஊர் போய் வர 10,000. ஆண்டு முழுவதும் எழுதும் மொய் 15,000. எல்.ஐ.சி. தவணை 12,000, வண்டிக் காப்பீடு 2,000, திடீர் மருத்துவச் செலவு 8,000, வீட்டுச் சாமான் பழுது முதலியவற்றுக்கு 6,000. எல்லாம் சேர்ந்தால் 1,20,000 ரூபாய், அதாவது மாதத்துக்கு 10,000. நோட்டில் தெரிந்த மிச்சமோ 6,150. மாதக் கணக்கு பொய் சொல்லவில்லை என்றாலும், ஆண்டில் சிலமுறை மட்டும் மொத்தமாக வந்து விழும் செலவுகளைக் காட்டும் கட்டம் அதில் இல்லை.

வரவிலும் அப்படியே ஒரு மறைவு இருந்தது. ஆயுத பூஜை, தீபாவளியை ஒட்டி இருவருக்கும் போனஸாக 22,000 வருகிறது. 2023 ஆகஸ்ட் இறுதியில் கர்நாடக அரசு தொடங்கிய கிருகலட்சுமி திட்டத்தில் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய், ஆண்டுக்கு 24,000. இது மாதம் தவறாமல் வருவதில்லை, சில நேரம் இரண்டு மூன்று மாதப் பணம் சேர்ந்து வரும் என்பதால் அவர் அதை நோட்டில் எழுதுவதே இல்லை. இவற்றையும் சேர்த்தால் ஆண்டு வரவு 4,72,000, ஆண்டுச் செலவு 4,72,200. இந்த விடையைப் பார்த்தபோது அவரைவிட எனக்குத்தான் அதிக வியப்பு. ஓர் ஆண்டுக்கு 200 ரூபாய் மட்டுமே துண்டு விழும் குடும்பம் லட்ச ரூபாய்க் கடனில் எப்படி மூழ்கியது?

விடை பணத்தின் அளவில் இல்லை, அது வரும் மாதத்திலும் போகும் மாதத்திலும் இருக்கிறது. கர்நாடகத்தில் பள்ளி ஆண்டு மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ தொடங்கிவிடும். பெரிய தொகை அப்போது வெளியேற வேண்டும். பெரிய தொகை உள்ளே வருவதோ அக்டோபரில். ஏதோ ஓர் ஆண்டில், வீடு மாறிய அலைச்சலில் கையிருப்பு கரைந்து, ஜூன் மாதத்தில் 55,000 ரூபாயைத் தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கியிருக்கிறார்கள். அவர் முதலைத் தவணையாக வாங்க மாட்டார், தந்தால் மொத்தமாகத் தர வேண்டும், அதுவரை மாதம் 1,650 ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 19,800 ஆகிவிட்டது. வரவும் செலவும் சமமாக இருக்கிற வீட்டில் இந்த 19,800 ரூபாய்க்கு இடமே கிடையாது. எனவே அடுத்த ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு அதே அளவு குறைந்தது, கடன் 74,800 ஆயிற்று. அதற்கு ஆண்டு வட்டி ஏறக்குறைய 26,900. மூன்றாவது ஜூனில் கடன் 1,02,000-ஐத் தொட்டது. அந்தக் குடும்பம் தன் வரவுக்கு மீறிச் செலவு செய்யவில்லை. ஒரே ஒரு ஜூன் மாதம் பின்தங்கிவிட்டது, அவ்வளவுதான். பின்தங்கியதற்கான கட்டணம்தான் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போனது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குடும்ப நிதி பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் மாதச் சம்பளத்தை இத்தனை பங்காகப் பிரி, இத்தனை பங்கு சேமி என்று தொடங்குகின்றன. இந்தக் குடும்பம் அதைக் கேட்டிருந்தால் தன்னிடம் மாதம் 6,150 ரூபாய் சேமிக்க வழி இருப்பதாக எண்ணியிருக்கும். பன்னிரண்டு கட்டம் போட்ட ஒரே தாளில் மொத்த ஆண்டையும் எழுதினால்தான் எந்த மாதத்தில் பள்ளம் இருக்கிறது என்பது கண்ணில் படும். நம்மவர்களின் ஆண்டில் சொந்த ஊர்த் திருவிழா, குலதெய்வப் படையல், அண்ணன் பெண்ணின் சடங்கு, அதற்குச் செய்ய வேண்டிய சீர் எல்லாம் வரும். நமக்கு மொய் எழுதியவர்களின் பெயர்கள் கொண்ட மொய்நோட்டு வீட்டில் இருக்கிறது என்றால், அதில் உள்ள தொகை நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பது யாருக்கும் தெரியாததல்ல. அதைச் செலவுத் திட்டத்தில் எழுதாமல் விடுவதில் பொருள் இல்லை.

அடுத்து, வட்டியை நாம் பேசும் முறை. மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். வங்கி பத்து சதவீதம் என்று சொல்லும்போது அது ஆண்டுக்கு. "பேங்குல பத்து, இவருகிட்ட மூணுதானே" என்று உண்மையாகவே நம்பிச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். தண்டல் கணக்கு இன்னும் மறைவானது. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, முன்வட்டி ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு, கையில் 9,000 தருவார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பார்வைக்கு நூறு நாளுக்கு ஆயிரம் ரூபாய்தான். ஆனால் முதல் நாளிலிருந்தே முதலும் குறைந்துகொண்டே வருவதால், நம் கையில் உண்மையில் இருக்கும் பணம் சராசரியாகப் பாதி அளவே. அதை வைத்துக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 77 சதவீதம் வருகிறது. கடைகளிலும் நிதி நிறுவனங்களிலும் சொல்லப்படும் ஃபிளாட் வட்டியும், அதாவது முதல் குறைந்துவந்தாலும் தொடக்கத் தொகை முழுவதற்குமே போடும் வட்டியும், இதே வகையைச் சேர்ந்தது. லட்ச ரூபாய்க்கு 12 சதவீத ஃபிளாட் என்று இரண்டு ஆண்டுக்கு வாங்கினால், மாதத் தவணை 5,167 ரூபாய் ஆகும். குறைந்துவரும் முதலின் மேல் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டும். 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் புதிய தனிநபர் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டும் விவரத் தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அந்த ஓர் எண்ணை மட்டும் படித்தாலே போதும்.

கடனட்டையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி மீதியைத் தள்ளிப்போடுகிறவர் பெரும்பாலான அட்டைகளில் மூன்று வட்டிக்காரரிடம் வாங்கியவருக்குச் சமம், சில அட்டைகளில் அதைவிட மோசம்.

பெங்களூரில் இதோடு இன்னொன்றும் சேருகிறது. வேறு ஊர்களில் அவ்வளவாகக் காணாத அளவுக்கு, இங்கே குடும்பத்தின் கையிருப்பை விழுங்குவது வீட்டு அட்வான்ஸ். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இங்கே நெடுங்கால வழக்கம், இப்போது சில பகுதிகளில் ஐந்து ஆறு மாதமாகக் குறைந்திருக்கிறது. மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் மாநிலங்கள் தாமே ஏற்றால்தான் அதற்கு உயிர். 9,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாதம் என்றால் 90,000 ரூபாய், அது வட்டியில்லாமல் வீட்டுக்காரரிடம் கிடக்கிறது. அதே குடும்பம் 55,000 ரூபாய்க்கு மாதாமாதம் மூன்று வட்டி கட்டுகிறது. காலி செய்யும்போது பெயிண்ட் செலவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் வழக்கம். நான் முன்பு குடியிருந்த வீட்டில் பெயிண்ட்டுக்கு ஒரு மாதமும், பழைய குழாய்களுக்கென்று இன்னொரு மாதமும் கழிந்தன. ஒப்பந்தத்தில் குழாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதை நான் அன்று படித்துப் பார்க்கவில்லை.

அட்வான்ஸைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது லீஸ். ஊரில் போக்கியம், ஒத்தி என்று நாம் சொல்வதன் நகர வடிவம் இது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று ஆண்டு வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது. ஒன்பதாயிரம் வாடகை வரக்கூடிய வீட்டுக்கு எட்டு லட்சம் லீஸ் என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பணம் எட்டு லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் மாதம் 4,667 ரூபாய் கிடைக்கும். அதை இழந்து 9,000 ரூபாய் வாடகையை மிச்சப்படுத்துகிறோம். இந்த அளவில் லீஸ் லாபமே. நகைக் கடனாக 10 சதவீதத்துக்குப் புரட்டினாலும் மாதம் 6,667 ரூபாய்தான், வாடகையைவிடக் குறைவு. ஆனால் இரண்டு வட்டிக்கு வாங்கி லீஸுக்குப் போனால் மாத வட்டி 16,000. அதற்கு மாதம் 9,000 வாடகை கொடுத்தே குடியிருந்திருக்கலாம். வாடகை இல்லை என்ற சொல்லில் மயங்கி இந்தக் கணக்கைப் போடாதவர்கள் இருக்கிறார்கள்.

கணக்கு லாபமாகவே இருந்தாலும் அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் லீஸுக்கு விடுவது பெரும்பாலும் அவருக்கு மொத்தப் பணம் தேவைப்படுவதால்தான். அந்தப் பணம் மாடி கட்டவோ பழைய கடனை அடைக்கவோ போய்விடும், பெட்டியில் இருக்காது. எனவே அடுத்த லீஸ்காரர் பணம் கொண்டுவந்தால்தான் பழைய லீஸ்காரருக்குப் பணம் திரும்பும். வரவில்லையென்றால் வீட்டைவிட்டு நகர முடியாமல் குடியிருந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, வீட்டுக்காரர் தவணை தவறினால், வங்கி 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம். அப்போது பதினோரு மாத முத்திரைத் தாள் ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருக்கும் லீஸ்காரரின் எட்டு லட்சத்துக்கு மிகப் பலவீனமான பிடிமானமே இருக்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்கிறது. பதிவுச் செலவுக்குப் பயந்து பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி தளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது முதல் வேலை. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் அதில் தெரியாமல் போகலாம் என்பதால், செர்சாய் எனப்படும் மத்தியப் பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டித் தேடுவது இரண்டாவது. பத்திரத்தின் மூலத்தை நேரில் காட்டச் சொல்வது மூன்றாவது. இதைக் கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது. எட்டு லட்சம் என்பது பலருக்கு ஊரில் விற்ற நிலத்தின் பங்கு, பி.எஃப். பணம், கழுத்து நகை எல்லாம் சேர்ந்தது. இடையில் ஒரு நிறுவனம் நுழைந்து, வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு எடுத்து, அதே வீட்டைக் குடியிருப்பவரிடம் லீஸுக்கு விட்டு, சில மாதம் வாடகை கட்டிவிட்டு மறைந்துபோகும் மோசடியும் இந்த நகரத்தில் நடந்திருக்கிறது. பணம் யார் கணக்குக்குப் போகிறதோ அவர் பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லையென்றால் அந்த வீடு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

சேமிப்பு என்று கேட்டால் நம்மவர்கள் முதலில் சொல்வது சீட்டு. அதன்மேல் எனக்கு மதிப்பு உண்டு. மாதம் பிறந்தால் கட்டியே தீர வேண்டும் என்ற கட்டுப்பாட்டை எந்த வங்கிப் புத்தகமும் தருவதில்லை. ஆனால் சீட்டில் ஒரே நேரத்தில் கடன்காரரும் சேமிப்பவரும் இருக்கிறார்கள் என்பதையும், நாம் அதில் யார் என்பதையும் தெரிந்துகொண்டு சேர வேண்டும். இருபது பேர், மாதம் 5,000, லட்ச ரூபாய் ஏலச்சீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் மாதம் ஒருவர் 25,000 தள்ளி 75,000-க்கு எடுக்கிறார். தள்ளியதில் சீட்டுப் பிடிப்பவரின் கமிஷன் 5,000 போக, மீதி 20,000 ஆளுக்கு ஆயிரமாகப் பிரிகிறது. இந்தக் கசர் போக அந்த மாதம் கட்ட வேண்டியது 4,000. தள்ளும் தொகை மாதாமாதம் சீராகக் குறைந்து, கடைசி மாதம் கமிஷன் மட்டும் கழிகிறது என்று கொண்டால், இருபது மாதத்தில் ஒவ்வொருவரும் கட்டுவது 90,000. முதல் மாதம் எடுத்தவர் 75,000 வாங்கி 90,000 கட்டுகிறார். மாதக் கணக்கில் பார்த்தால் இது ஏறக்குறைய இரண்டு வட்டிக் கடன். கடைசி மாதம் எடுப்பவர் 90,000 கட்டி 95,000 வாங்குகிறார். அவருக்குக் கிடைப்பது ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சதவீதம், மாதாமாதம் கட்டும் அஞ்சலக வைப்பான ஆர்.டி. தருவதை ஒட்டிய அளவு. சீட்டில் நிறைய கிடைக்கும் என்று நம்பிக் கடைசிவரை காத்திருப்பவர், ஆர்.டி.யில் இல்லாத ஓர் அபாயத்தைச் சுமந்துகொண்டு ஆர்.டி. வருமானத்தையே பெறுகிறார்.

அந்த அபாயத்தைக் குறைப்பதற்குத்தான் 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற சீட்டில் நடத்துபவர் சீட்டுத் தொகை அளவுக்குப் பதிவாளரிடம் பிணை வைக்க வேண்டும், அவர் கமிஷனுக்கு உச்சவரம்பு உண்டு (2019 திருத்தத்தில் அது 5 சதவீதத்திலிருந்து 7 ஆக உயர்ந்தது), தகராறு வந்தால் பதிவாளரிடமே முறையிடலாம். கர்நாடக அரசின் எம்.எஸ்.ஐ.எல். நிறுவனமே சீட்டு நடத்துகிறது. தெருவில் தெரிந்த அக்கா பிடிக்கும் சீட்டில் இவை எதுவும் கிடையாது. அங்கே நம்பிக்கை ஒன்றுதான் பிணை. அப்படிச் சேர்வதானால், போனால் போகட்டும் என்று தாங்கக்கூடிய தொகைக்கு மேல் சேரக் கூடாது. பிள்ளைகளின் ஜூன் மாதக் கட்டணத்தை அந்தச் சீட்டின்மேல் ஏற்றி வைக்கவே கூடாது.

ஸ்ரீராமபுரத்து வீட்டுக்குத் திரும்புகிறேன். அந்த அம்மாவிடம் நான்கு சவரன் நகை இருந்தது. அதை அடகு வைப்பது மானக்கேடு என்று மூன்று ஆண்டாகத் தொடாமல் வைத்திருந்தார். அந்த உணர்வை நான் சிறிதாக நினைக்கவில்லை. தாய்வீட்டுச் சங்கிலியைத் தராசில் வைக்கும்போது கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் அந்த நகை பீரோவில் இருந்த மூன்றாவது ஆண்டில் மட்டும் அதன் பெயரால் அவர் கட்ட நேர்ந்த வட்டி மாதம் 3,060 ரூபாய். வங்கியில் 10 சதவீதத்துக்கு அதே 1,02,000 ரூபாயை வாங்கினால் மாத வட்டி 850 ரூபாய். கடனை இடம் மாற்றுவதால் கடன் தீர்ந்துவிடாது, வளர்வது குறையும். தீர்ப்பதற்கு உண்மையான உபரி வேண்டும். கணவர் மாதத்தில் சில ஞாயிறுகள் பட்டறைக்குப் போய்க் கூடுதலாக 3,000 கொண்டுவருவதாகவும், மளிகையில் 800 குறைப்பதாகவும் இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். ஆண்டுக்கு 45,600 ரூபாய். இதே உழைப்பை மூன்று வட்டிக் கடன்மேல் செலுத்தினால், கடன் கொடுத்தவர் முதலை மாதத் தவணையாக வாங்கச் சம்மதித்தாலும்கூட, கடன் அடைய நான்கரை ஆண்டுக்கு மேல் ஆகும், வட்டியாக மட்டும் சுமார் 1,08,000 ரூபாய் போகும். நகைக் கடன்மேல் செலுத்தினால் ஏறக்குறைய இரண்டரை ஆண்டில் முடியும், வட்டி சுமார் 14,000. இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நகைக் கடனிலும் கண்ணி இல்லாமல் இல்லை. வட்டியை மட்டும் கட்டி ஆண்டுதோறும் திருப்பி வைத்துக்கொண்டே போனால் நகை வீடு திரும்பாது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட புதிய விதிகள், 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டியவை, இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தர அனுமதிக்கின்றன. முன்பு வரம்பு 75 சதவீதம். கூடுதலாகக் கிடைக்கிறதே என்று உச்சவரம்பு வரை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. தங்க விலை சற்று இறங்கினாலும் ஏல அறிவிப்பு வரும் தூரம் அவ்வளவுக்குச் சுருங்குகிறது. அதே விதிகளில் நமக்குப் பயனுள்ள ஒன்றும் இருக்கிறது. கடனை முழுதாகக் கட்டிய பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தராமல் தாமதப்படுத்தினால், ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும்.

பல இடத்தில் கடன் உள்ளவர்கள் எதை முதலில் அடைப்பது என்று கேட்பார்கள். வட்டி அதிகமானதை முதலில் என்பதே கணக்கின் விடை, பெரும்பாலும் அதுதான் சரி. ஒரு விலக்கு மட்டும் சொல்வேன். மைத்துனரிடமோ கூட வேலை செய்கிறவரிடமோ வட்டியில்லாமல் வாங்கிய கைமாற்றைக் கணக்கு கடைசிக்குத் தள்ளும். ஆனால் சொன்ன தேதியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த நெருக்கடியில் வட்டியில்லாமல் கிடைக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். குழுக் கடன்களில் சிக்கியவர்களுக்கு இன்னொரு செய்தி. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்குப் பிணையில்லாமல் தரப்படும் கடன்களில், எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது. வசூலுக்கு வந்து மிரட்டுவதைத் தண்டிக்கக் கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் அவசரச் சட்டம் கொண்டுவந்து, பத்து ஆண்டு வரை சிறை என்று வைத்தது. வாசலில் நின்று கூச்சலிடுகிறவரிடம் பயந்து இன்னொரு கடன் வாங்கி அடைப்பதற்கு முன்னால், காவல் நிலையத்துக்குப் போக உரிமை இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இனி அடுத்த ஜூன். நகைக் கடன் வாங்கிய ஜூலையில் கையிருப்பு எதுவுமில்லை என்றே வைத்துக்கொண்டு கணக்கிட்டோம். கடன் அடைக்க ஒதுக்கிய 45,600 ரூபாயைத் தொடாமல், மாத மிச்சம் 6,150, அக்டோபர் போனஸ், வரும்போது வரும் கிருகலட்சுமிப் பணம் ஆகியவற்றிலிருந்து தீபாவளி, பொங்கல், மொய், எல்.ஐ.சி. எல்லாவற்றையும் கழித்தால், அடுத்த ஜூனில் 54,800 ரூபாய் நிற்கிறது. தேவை 55,000. ஆனால் இது சம்பளக் கணக்கிலேயே கிடந்தால் நிற்காது. அதனால் மாதம் 3,000 ரூபாய்க்கு வங்கியில் பதினோரு மாத ஆர்.டி. ஒன்று தொடங்கி, ஜூன் முதல் வாரத்தில் முதிர்வது போல் தேதி வைத்தோம். கிருகலட்சுமிப் பணம் வரும் கணக்கின் ஏ.டி.எம். அட்டை மாமியாரிடம் ஊருக்குப் போய்விட்டது. இடைப்பட்ட செலவுகளுக்கு மீதி மிச்சமும் போனஸும் ஏறக்குறையப் போதும். அதிலும் ஒரு மாதம் தடுமாறினால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். மொய்யில் முதலில் கை வைக்கலாம், ஆர்.டி.யில் வேண்டாம் என்றேன். அவர் அதை ஏற்கவில்லை. அண்ணன் வீட்டு விசேஷத்தில் குறைத்து எழுத முடியாது, தீபாவளிக்குப் பெரியவர்கள் இருவரும் துணி எடுக்காமல் இருந்துகொள்கிறோம் என்றார். அது அவர் குடும்பம், அவர் முடிவு.

இப்போது அந்த நோட்டில் பக்கவாட்டில் பன்னிரண்டு கோடுகள் இருக்கின்றன. முதல் கட்டம் ஜூலை, கடைசிக் கட்டம் ஜூன். கடைசிக் கட்டத்தில் 55,000 என்று பென்சிலால் எழுதி வட்டமிட்டிருக்கிறார். மேலட்டைக்குள் வங்கியின் நகைக் கடன் ரசீது மடித்து வைக்கப்பட்டிருக்கிறது, அதன் பின்புறத்தில் ஒவ்வொரு மாதமும் கட்டியது போக மீதி எவ்வளவு என்பதைப் பெரிய பையன் எழுதி வருகிறான்.